பழைய கேம்களின் பனிமூட்டம்: ஒரு கார்டில் காணோம், இன்னொன்றில் குதிக்கிறது, ஏன்?

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். எங்கள் வாசிகசாலையில் பிள்ளைகளுக்காகப் பழைய கம்ப்யூட்டர் காட்சி ஒன்று வைக்கப் போகிறோம். 1996 முதல் 2002 வரை வந்த கேம்கள் அந்தக் காலத்து மெஷினில் எப்படித் தெரிந்தனவோ அப்படியே காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. புது லேப்டாப்பில் ஓட்டிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கையில் இரண்டு பென்டியம் 3 இருக்கின்றன, இரண்டிலும் விண்டோஸ் 98. ஒன்றில் தனியாக மாட்டிய 1999 காலத்து ஏஜிபி கிராபிக்ஸ் கார்ட். மற்றதில் மதர்போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ் சிப். ஒரே சிடியில் இருந்து ஒரே கேமைத்தான் இரண்டிலும் போட்டேன். முதல் மெஷினில் பனிமூட்டமே இல்லை. தூரத்து மலைகள் கத்தியால் வெட்டியது போல ஓரிடத்தில் முடிகின்றன, முன்னால் போகப் போகத் துண்டு துண்டாக முளைக்கின்றன. இரண்டாவதில் மூட்டம் இருக்கிறது, ஆனால் நடக்கும்போது தரையில் மட்டும் அது குதிக்கிறது. திடீரென்று ஒரு பெரிய முக்கோணம் முழுவதும் வெளுக்கிறது, அடுத்த அடியில் தெளிகிறது.

கேமின் பெயரை எழுதவில்லை. இதே கோளாறை வேறு கேம்களிலும் பார்த்தேன், ஆகவே பேச்சு ஒரு கேமோடு நின்றுவிட வேண்டாம். கார்ட் பழுதா, டிரைவரா, கேமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனை_மேசை

கார்ட் பழுதென்றால் படத்தில் புள்ளி, கோடு, நிறச்சிதறல் வரும், அல்லது சூடானதும் மெஷின் உறைந்துவிடும். மூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுக்கிற பழுதை என் மேசையில் நான் பார்த்ததில்லை. டிரைவர் எந்தப் பதிப்பு? இதற்கு முன் அந்த மெஷின் யாரிடம் இருந்தது? அமைப்புகளை யாராவது மாற்றினார்களா என்று பாருங்கள்.

ஒலுவில்_வரைகலை

தம்பி, நீங்கள் பார்த்தது இரண்டு வெவ்வேறு பிரச்சினை. ஆனால் வேர் ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய டைரக்ட்3டியில், அதாவது கேம் கார்டிடம் படம் வரையச் சொல்லும் விண்டோஸ் இடைமுகத்தில், மூட்டத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெர்டெக்ஸ் ஃபாக். முக்கோணத்தின் மூன்று முனைகளில் மட்டும் "இங்கே எவ்வளவு மூட்டம்" என்று கணக்கிட்டு, இடைப்பட்ட பரப்பை அந்த மூன்று மதிப்புகளில் இருந்து ஊகித்து நிரப்புவது. மற்றது டேபிள் ஃபாக், பிக்சல் ஃபாக் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் ஆழத்தை எடுத்து, கார்டுக்குள் இருக்கும் ஒரு அட்டவணையில் பார்த்து மூட்டத்தைப் போடுவது.

வெர்டெக்ஸ் ஃபாக்கை வாவியில் வீசும் வலையாக நினைத்துப் பாருங்கள். கணக்கு முடிச்சுகளில்தான் இருக்கிறது, கண்களுக்குள் ஒன்றும் இல்லை. கண் சிறிதாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. அந்தக் காலத்தில் தரையை மிகப் பெரிய முக்கோணங்களால் போட்டார்கள், பலகோணங்களை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு முனை உங்கள் காலடியில், இன்னொரு முனை தூரத்து மூட்டத்துக்குள். நடுப்பகுதியின் உண்மையான தூரத்தை யாருமே கேட்பதில்லை. அதோடு, திரைக்கு வெளியே போகும் முக்கோணத்தை வெட்டும்போது புது முனைகள் உருவாகின்றன, நீங்கள் நகர நகர அவையும் இடம் மாறுகின்றன. உங்கள் இரண்டாவது மெஷினில் தரை குதிப்பது இதனால்தான். அது பழுதல்ல, அந்த முறையின் குணம்.

முதல் மெஷினுக்கு வருவோம். டைரக்ட்3டியின் விதிப்படி ஒரு கார்ட் இரண்டு வகையில் ஒன்றையாவது ஆதரித்தால் போதும். கேம்தான் முதலில் கேட்க வேண்டும், "உன்னிடம் டேபிள் இருக்கிறதா?" என்று. பல கேம்கள் கேட்கவே இல்லை. உருவாக்கியவர்களின் மேசையில் இருந்த கார்டில் டேபிள் இருந்தது, எல்லாரிடமும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லாத கார்டில் ஓடும்போது அந்தக் கட்டளை வெறுமனே விழுந்துபோகிறது. மலை வெட்டுண்டு நிற்பது அதனால்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. முனைகளோடு வரும் ஸ்பெக்யுலர் (பளபளப்பு) நிறத்தின் ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணில்தான் வெர்டெக்ஸ் ஃபாக்கின் அளவு அனுப்பப்படும். அதில் 255 என்றால் மூட்டமே இல்லை, 0 என்றால் முழு மூட்டம். டேபிளை நம்பிய கேம் அந்த இடத்தைக் கவனிக்காமல் 0 என்று விட்டிருந்தால், சில டிரைவர்களில் திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

கல்முனை_மேசை

ஒலுவில் அண்ணன் சொன்னதற்கு மருந்து டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கார்ட் என்விடியாவுடையதென்றால், அதன் பழைய டெட்டனேட்டர் டிரைவர்களில் டைரக்ட்3டி பக்கத்தைத் திறந்தால் "ஃபாக் டேபிள் எமுலேஷன்" என்று ஒரு தெரிவு இருக்கும். பக்கத்தில் இருந்த விளக்கமே இதைத்தான் சொன்னது: சில கேம்கள் கார்டின் திறனைச் சரியாகக் கேட்காமல் டேபிள் இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன, அவற்றுக்காக இதை இயக்குங்கள் என்று. டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

கல்முனை அண்ணன், டிக் எடுக்கப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் வேகத்துக்காக அணைத்திருக்க வேண்டும். போட்டதும் மூட்டம் வந்துவிட்டது! மலைகள் மெதுவாகக் கரைகின்றன, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. ஒரே இடத்தில் நின்று தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்பினால், திரையின் நடுவில் மூட்டத்துக்குள் மறைந்திருந்த கோபுரம், திரை ஓரத்துக்குப் போனதும் தெளிவாகத் தெரிகிறது. நான் நகரவே இல்லை. இது என்ன?

ஒலுவில்_வரைகலை

அது சரியாகத்தான் வேலை செய்கிறது தம்பி. டேபிள் ஃபாக் எடுப்பது உங்களிடமிருந்து பொருளுக்குள்ள நேர்த்தூரத்தை அல்ல, ஆழத்தை. அதாவது நீங்கள் பார்க்கும் திசையில் அது எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை. பார்வைக் கோணம் 90 பாகை என்று வையுங்கள். 100 மீட்டரில் உள்ள கோபுரம் திரையின் நடுவில் இருந்தால் அதன் ஆழம் 100. தலையைத் திருப்பி அதைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் தூரம் அதே 100, ஆனால் ஆழம் ஏறத்தாழ 71. கார்டுக்கு அது கிட்ட வந்த மாதிரி. உடனே மூட்டம் மெலிகிறது.

உண்மையான தூரத்தை வைத்துக் கணக்கிடும் ரேஞ்ச் ஃபாக் டைரக்ட்3டியில் இருந்தது. ஆனால் அது வெர்டெக்ஸ் ஃபாக்கோடு மட்டும்தான் வரும். தூரம் சரியாக வேண்டுமென்றால் முனைகளின் தவறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பிக்சல் துல்லியம் வேண்டுமென்றால் ஓரத்துத் தவறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இதைத் தாண்ட வழி இருக்கவில்லை.

ஆழத்திலும் இரண்டு வகை இருக்கிறது, பலரை அலைக்கழித்தது அதுதான். இசட் என்பது 0 முதல் 1 வரை போகும் மதிப்பு, சீராகப் போகாது. அருகு எல்லை 1, தூர எல்லை 1000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2-இல் இருக்கும் பொருளுக்கே இசட் 0.50 வந்துவிடும். 10-இல் 0.90. 100-இல் 0.99. மிச்சம் 900 அலகும் கடைசி நூற்றில் ஒரு பங்குக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். டபிள்யூ அப்படியில்லை, அது சீரான தூரம்.

"மூட்டம் 200-இல் தொடங்கி 800-இல் முடியட்டும்" என்று கேம் சொல்கிறது. கார்ட் அதை இசட் என்று எடுத்துக்கொண்டால், இசட் ஒருநாளும் 1-ஐத் தாண்டாது, ஆகவே மூட்டம் தொடங்கவே தொடங்காது. மறுபக்கம், கேம் 0.9 முதல் 1.0 என்று இசட் கணக்கில் கேட்டு, கார்ட் டபிள்யூ என்று எடுத்துக்கொண்டால், உங்கள் மூக்கு நுனியிலேயே எல்லாம் வெள்ளையாகிவிடும். எதை எடுப்பது என்பதை புரொஜெக்ஷன் மேட்ரிக்ஸை, அதாவது 3டி இடங்களைத் திரைக்கு மாற்றும் எண் தொகுதியை, பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். முனைகளைத் தானே கணக்கிட்டு அனுப்பும் பழைய கேம்கள் பல அந்த மேட்ரிக்ஸைக் கொடுக்கவே இல்லை. கேமுக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு எண்ணுக்கு இரண்டு அர்த்தம் வந்தது இங்கேதான்.

காத்தான்குடி_வூடூ

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்ட்களில் இந்தக் குழப்பம் இருக்கவில்லை, அதனால்தான் அவற்றை இன்றும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். 1996-இல் வந்த முதல் வூடூவிலேயே மூட்ட அட்டவணை வன்பொருளில் இருந்தது. 3டிஎஃப்எக்ஸின் சொந்த இடைமுகமான கிளைட்டில் அது 64 இடங்கள் கொண்ட அட்டவணை, டபிள்யூவை வைத்துப் பார்ப்பது.

அந்த 64 இடங்களை அவர்கள் பிரித்த விதம் அழகானது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் நான்கு இடம். 1-இலிருந்து 2-க்குள் நான்கு, 2-இலிருந்து 4-க்குள் நான்கு, 4-இலிருந்து 8-க்குள் நான்கு, இப்படியே. கண் நுணுக்கமாகப் பார்க்கும் கிட்டத்தில் அடர்த்தியாகவும், தூரத்தில் ஐதாகவும் இருக்கும். இரண்டு இடங்களுக்கு நடுவில் கார்டே சமன்செய்து நிரப்பும். அட்டவணையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் கேம் போடலாம். கிட்டத்தில் மூட்டம், நடுவில் தெளிவு, பிறகு மறுபடி மூட்டம் என்றுகூடச் செய்யலாம்.

டைரக்ட்3டியிலும் ஓபன்ஜிஎல்லிலும் மூன்று சூத்திரங்கள்தான்: நேர்கோடு (சீராகக் கூடுவது), எக்ஸ்ப் (தூரத்தோடு அடுக்குக்குறியாகக் கூடுவது), எக்ஸ்ப்2 (தூரத்தின் வர்க்கத்தை வைத்து அதேபோல்). அடர்த்தியை 0.01 என்று வைத்தால், எக்ஸ்பில் 50 அலகு தூரத்தில் பொருளின் நிறம் 61 வீதம் மிஞ்சும், எக்ஸ்ப்2-இல் 78 வீதம். 200 அலகில் எக்ஸ்பில் இன்னும் 14 வீதம் மிச்சம், எக்ஸ்ப்2-இல் 2 வீதம்கூட இல்லை. கிட்டத்தைத் தெளிவாக விட்டுவிட்டுத் தூரத்தை முழுதாக மூட எக்ஸ்ப்2 நல்லது. காட்சியில் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

ஏறாவூர்_வேகம்

எனக்கு ஒரு கேள்வி. இவ்வளவு மினக்கெட வேண்டுமா? மூட்டம் வந்ததே கார்டுக்குப் பலம் போதாததால்தானே. தூரத்தில் வரைய முடியாததை மறைக்கப் போட்ட திரை அது. இன்றைய கார்டில் தூர எல்லையைக் கூட்டி, மூட்டத்தை அணைத்துவிட்டால் முழு உலகமும் தெரியும். பிள்ளைகளுக்கு அதுதானே பிடிக்கும்?

காத்தான்குடி_வூடூ

தம்பி, மறைக்கப் போட்டது என்பது சரி. ஆனால் போட்ட பிறகு கேமை அதை வைத்தே கட்டினார்கள். ஜிடிஏ சான் அன்ட்ரியாஸை நம் பக்கத்தில் விளையாடாத ஆளைக் காண்பது கஷ்டம். 2004-இல் வந்தபோது தூரத்தில் ஒரு மங்கல் இருந்தது. ஒரு நகரத்திலிருந்து மற்ற நகரத்துக்குப் போவது நெடும்பயணம் மாதிரி இருந்ததற்கு அந்த மங்கல் பெரிய காரணம். 2021 நவம்பரில் வந்த மறுபதிப்பில் அந்த மங்கல் இல்லாமல் விட்டார்கள். மலையுச்சியில் ஏறி நின்றால் மூன்று நகரமும் ஒரே பார்வையில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில். ஊர் சுருங்கிப்போனது. ஆட்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் அப்டேட்டில் பழைய வெளிச்சத்துக்கு ஒரு தெரிவைச் சேர்த்தார்கள்.

1999-இல் பிளேஸ்டேஷனில் வந்த சைலன்ட் ஹில்லும் அப்படித்தான். அந்தப் பெட்டியால் ஒரு தெருவை முழுதாக வரைய முடியாது. அதனால் ஊரையே மூட்டத்தால் மூடினார்கள், பயமே அந்த மூட்டத்தில்தான் பிறந்தது. இரண்டாம் பாகத்தின் 2012 எச்டி பதிப்பில் மூட்டம் மெலிந்து, ஏரி நீர் ஓரிடத்தில் வெட்டுண்டு முடிவது வெளியே தெரிந்தது. பிசி பதிப்புக்கு அந்த மூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர ரசிகர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பலவீனத்தை மறைக்க வந்தது என்பதற்காக அதை அழிப்பது, செய்தவரின் வேலையில் பாதியை அழிப்பது.

ஏறாவூர்_வேகம்

சான் அன்ட்ரியாஸ் உதாரணம் சரி காக்கா, அதை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் கேமுக்கும் பொருந்தாது. விமான கேம்களில் ஓடுபாதை தெரிய வேண்டும், அங்கே மூட்டம் வெறும் தடை. அவற்றில் எல்லையைக் கூட்டுவதில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

சம்மாந்துறை_வயல்

மார்கழி, தையில் விடியப்புறம் எங்கள் வயல் பக்கம் வந்து பாருங்கள். பனி வரம்புக்கு மேல் தாழ்வாகக் கிடக்கும், தென்னை, பனைகளின் தலை வெளியே தெரியும். பழைய கேம் மூட்டத்தில் எனக்குள்ள ஒரே குறை அதுதான்: அதற்கு உயரம் தெரியாது. தூரம் மட்டும்தான். மலையடிவாரமும் உச்சியும் ஒரே அளவில் மங்கும்.

அதைத் தாண்ட முயன்றவர்களும் இருந்தார்கள். 1998-இல் வந்த அன்ரியலில் விளக்கைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் தங்கும் மூட்டம் இருந்தது. கார்டின் மூட்ட வசதியை நம்பாமல் சிபியுவே கணக்கிட்டு, லைட்மேப் (முன்கூட்டிக் கணக்கிட்ட வெளிச்சப் படம்) மாதிரி ஒரு படமாகச் சுவரில் போட்டார்கள். 1999-இல் குவேக் 3-இல் ஒரு பெட்டியளவு இடத்தைக் குறித்து "இதற்குள் மட்டும் மூட்டம்" என்று சொல்ல முடிந்தது. குழிக்குள் இறங்கினால் மூடும், ஏறினால் தெளியும். இந்த இரண்டும் காட்சியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் 1993-இல் டூம். மொத்தம் 256 நிறங்கள்தான். தூரம் கூடக் கூட இருட்ட வேண்டும், ஆனால் நிறத்தைக் கலக்கிக் கணக்கிட நேரமில்லை. ஆகவே 256 நிறங்களுக்கும் "இன்னும் கொஞ்சம் இருண்டால் எந்த நிறம்" என்ற அட்டவணைகளை முன்கூட்டியே தயாரித்துக் கோப்பில் வைத்தார்கள். 34 அட்டவணை, அதில் 32 வெளிச்சப் படிகளுக்கு. கறுப்பு நிறத்தில் போட்ட மூட்டம் என்றே அதைச் சொல்லலாம். அட்டவணை என்ற யோசனை வூடூவுக்கு முன்பே இருந்தது.

வாழைச்சேனை_மொனிட்டர்

காட்சிக்கு எந்தத் திரை போடுகிறீர்கள்? இதை யாரும் சொல்லவில்லை. 16-பிட் நிறத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 32 படி, பச்சைக்கு 64. மூட்டம் என்பது ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்லப் போவது, 32 படியில் போனால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அதை மறைக்க வூடூ கார்ட்கள் புள்ளிகளைக் கலந்து தூவின. சிஆர்டி (பழைய கண்ணாடிக் குழாய்) மொனிட்டரில் அந்தப் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மூட்டம் மென்மையாகத் தெரியும். எல்சிடியில் அதே படம் மணல் தூவியது மாதிரி இருக்கும். என்னிடம் 17 அங்குல சிஆர்டி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, தருகிறேன். ஒன்று மட்டும்: கல்லடி கடற்காற்றில் உப்பு அதிகம். ஏஜிபி கார்டின் தங்கநிறப் பற்களைத் துடைக்காமல் மாட்டாதீர்கள், கெப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

மொனிட்டர் அண்ணனுக்கு மிக்க நன்றி, கட்டாயம் வந்து எடுக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி. பழைய மெஷின் கிடைக்காத பிள்ளைகள் வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பார்க்க விரும்பினால் மூட்டம் சரியாக வருமா?

ஒலுவில்_வரைகலை

தானாக வராது. விஸ்டாவோடு வந்த டைரக்ட்3டி 10-இல் கார்டுக்குள் நிலையாக அமைத்திருந்த பழைய வரைதல் பாதையையே எடுத்துவிட்டார்கள், அதோடு மூட்டக் கட்டளையும் போனது. இன்று மூட்டம் வேண்டுமென்றால் ஷேடரில் (கார்டில் ஓடும் சிறு நிரலில்) நாமே எழுத வேண்டும். பழைய கேம் அந்தக் கட்டளையைக் கொடுக்கும்போது நடுவில் யாராவது மொழிபெயர்த்தாக வேண்டும். டிஜிவூடூ2 என்ற மென்பொருள் அதைச் செய்கிறது, கிளைட்டையும் பழைய டைரக்ட்3டியையும் டைரக்ட்3டி 11, 12-க்கு மாற்றிக் கொடுக்கும். கிளைட் மட்டும் போதுமென்றால் என்கிளைட் இலகுவானது. கார்டையே மென்பொருளில் உருவாக்கிப் பார்க்க ஆசையென்றால் 86பாக்ஸ், அதில் வூடூ இருக்கிறது. ஆனால் சிபியுவை நன்றாகத் தின்னும், சாதாரண லேப்டாப்பில் வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

கல்முனை_மேசை

ஒலுவில் அண்ணன், நீண்ட நாளாக என்னைக் குடையும் ஒன்று. சில கேம்களில் மூட்டத்துக்குள் எரியும் விளக்கைச் சுற்றி ஒரு சாம்பல் சதுரம் தெரிகிறது. எந்த டிரைவர் போட்டாலும் போகவில்லை.

ஒலுவில்_வரைகலை

அது கேமுக்குள்ளேயே இருப்பது. விளக்கின் ஒளியை ஏற்கெனவே வரைந்த படத்தின் மேல் கூட்டிப் போடுவார்கள். ஒளிப் படத்தின் ஓரங்கள் கறுப்பு, கறுப்பைக் கூட்டினால் ஒன்றும் மாறாது. ஆனால் மூட்டம் இயங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கறுப்பிலும் சாம்பல் மூட்டம் கலக்கும், சாம்பலைக் கூட்டினால் சதுரம் தெரியும். கூட்டிப் போடும் வேளையில் மட்டும் மூட்ட நிறத்தைக் கறுப்பாக்கிவிட வேண்டும். அப்போது தூரத்தில் ஒளி மங்கும், சதுரம் வராது. அதைச் செய்ய மறந்த கேமுக்கு டிரைவரில் மருந்து இல்லை.

வாவிக்கரை (கல்லடி)

சரி, எல்லாவற்றையும் வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஏஜிபி கார்ட் மெஷினில் எமுலேஷன் இயங்கும், அதில் டேபிள் ஃபாக். மதர்போர்ட் சிப் மெஷினைத் திருத்தப் போவதில்லை, தரை குதிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், பக்கத்தில் ஒலுவில் அண்ணனின் விளக்கத்தை எழுதி ஒட்டுகிறேன். மூன்றாவது மேசையில் டூம், அன்ரியல், குவேக் 3. காத்தான்குடிக் காக்கா, உங்கள் வூடூ கார்டை அன்றைக்கு மட்டும் கொண்டுவர முடியுமா?

காத்தான்குடி_வூடூ

கொண்டுவருகிறேன். கார்டை நானே மாட்டி நானே கழற்றுவேன், அது ஒன்றுதான் நிபந்தனை. முதல் தலைமுறை வூடூவுக்கு 2டி கார்ட் தனியாக வேண்டும், இடையில் விஜிஏ வயர் ஒன்றும் வேண்டும். பிசிஐ இடம் ஒன்று காலியாக இருக்கிற மதர்போர்டாகப் பார்த்து வையுங்கள்.